முயல் என்று எழுதிய மூட்டை

தூண்டில் ஈ கட்டும் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீன் பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் சிலர் முள்ளில் புழு கோப்பதில்லை. முள்ளைச் சுற்றி நூலும் இறகும் ரோமமும் கட்டி, பார்ப்பதற்கு ஒரு பூச்சி மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் வீசுவார்கள். மீன் ஏமாந்து கவ்வும். அந்தப் பொய்ப் பூச்சிக்குத்தான் பட்டறையில் ஈ என்று பெயர். பதினான்கு பெண்கள் ஆளுக்கொரு சின்ன இடுக்கியில் முள்ளைப் பொருத்திக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை ஈ கட்டினார்கள். கட்டியவை அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கப்பலேறின.

சேர்ந்த அன்று அவளிடம் ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, "இதுல நல்லது கெட்டது பிரிச்சு வை" என்றார்கள். மூடியைத் திறந்தாள். முதலில் அந்துருண்டை நெடி அடித்தது. அது விலகியதும், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு நாற்றம் எழுந்து வந்தது. உள்ளே சேவல் கழுத்துகள். தலையும் இல்லை, உடம்பும் இல்லை, கழுத்துத் தோல் மட்டும். வெளிப்பக்கம் பளபளவென்று பொன்னிற இறகு. திருப்பினால் காய்ந்த கொழுப்பு, பழைய மெழுகு மாதிரி மஞ்சளாக. மூன்றாவது கழுத்தை எடுத்தபோது அதிலிருந்து ஒரு புழு இறங்கி அவள் மணிக்கட்டில் ஊர்ந்தது. அவள் கத்தவில்லை. டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை மூன்று முறை சோப்புப் போட்டாள். சாயங்காலம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். நாற்றம் அங்கேயேதான் இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்கு அது வேடிக்கை. "ஊர்ல பாதிப்பேர் வேலை இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருக்கான். உனக்கு ஈ கட்டுறதே வேலையா அமைஞ்சிருக்கு. கரண்டியால சாப்பிடு, சரியாயிடும்" என்றான். கரண்டியால் சாப்பிட்டாள். ஒரு மாதம் கழித்துக் கரண்டியை விட்டுவிட்டாள்.

பதினோரு வருடத்தில் எல்லாம் பழகிப்போனது. அணில் வால்கள் துடைப்பம் போலக் கட்டுக்கட்டாக வரும். வாத்துச் சிறகுகள் ரப்பர் பேண்ட் போட்டு ஜோடி ஜோடியாக வரும். மான் தோல் துண்டுகள் செருப்புக்கடைக் கழிவு போல வரும். முதலாளியம்மா அறையில் இருக்கும்போது அதெல்லாம் ரோமம். அவர் வெளியே போனதும் மயிர். "அந்த மயிரை இந்தப் பக்கம் தள்ளு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அங்கே உட்காரவே முடியாது.

நான்காவது வருடம் அவளைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். வட்டமான பெரிய லென்ஸ், அதைச் சுற்றி விளக்கு. ஒவ்வொரு ஈயையும் அதன் கீழே பிடித்து, நூல் இறுகியிருக்கிறதா, தலையில் பூசிய பசை முள்ளின் கண்ணை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பெட்டியின் மேல் ஏழாம் எண் முத்திரையைக் குத்த வேண்டும். அந்த முத்திரை இல்லாத பெட்டி வாசல் தாண்டாது. அன்றிலிருந்து பட்டறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வந்தது. எதையும் ஊதிப் பெரிதாக்குவாள் என்று கேலி. உண்மையில் லென்ஸ்தான் பெரிதாக்கியது. இறகுத் தண்டின் அடியில் உறைந்த ரத்தப் புள்ளி, ரோமத்தின் வேரில் ஒட்டிய தோல் பொடுகு, செத்த பேனின் வெள்ளை முட்டை. மற்றவர்கள் வெறுமனே தொட்டதை அவள் உற்றுப் பார்க்கவும் வேண்டியிருந்தது.

பட்டறைக்குத் தோல் கொடுத்தவன் அவளுடைய கொழுந்தன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. அவள் வீட்டின் பின்பக்க அறையில் இருந்தான். அறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. இரண்டு வருடத்துக்கு முன் பழைய தோல் வியாபாரி ஊரை விட்டுப் போனபோது, "எங்க வீட்லயே ஒருத்தர் இருக்கார் மேடம், பொறுப்பா செய்வார்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னதே அவள்தான். பொறுப்பாகத்தான் செய்தான். கோழிக்கடைகளிலிருந்து கழுத்துகளும் முயல் பண்ணையிலிருந்து தோல்களும் கொண்டுவந்து, கொட்டகையில் உப்புப் போட்டு உலர்த்தி, மூட்டை கட்டி, மேலே மார்க்கரால் என்ன தோல் என்று எழுதி அனுப்பினான். தெருவில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். யார் வீட்டு கேஸ் சிலிண்டரையும் தூக்கிக் கொடுப்பான். "நீங்க உக்காருங்க அண்ணி, பாத்திரம் நான் தேய்க்கிறேன்" என்பான். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அவனைத் தம்பி என்றே கூப்பிட்டாள்.

அந்த வருடம் மழை ஓயும் சமயத்தில் சின்னவனிடமிருந்து ஒரு புது மூட்டை வந்தது. மேலே 'முயல்' என்று எழுதியிருந்தது. உள்ளே, தோலிலிருந்து வழித்துப் பைகளில் போட்ட சாம்பல் நிற ரோமம். அப்படி ஒரு ரோமத்தை அந்தப் பெண்கள் தொட்டதில்லை. மெழுகு தடவிய நூலில் வைத்து உருட்டினால் சொன்னபடி கேட்டது. ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் உயிர் இருப்பது போல அலைந்தது. அதை வைத்துக் கட்டிய பதினாறாம் நம்பர் ஈ முதல் பெட்டிகளில் விமானத்தில் போய்ச் சேர்ந்ததுமே, வெளிநாட்டு வியாபாரி இன்னும் நாலாயிரம் வேண்டும் என்று எழுதினார். முதலாளியம்மா எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

லென்ஸின் கீழே அவளுக்கு மட்டும் ஒரு உறுத்தல். முயல் ரோமம் அவளுக்கு அத்துப்படி. இது அதைவிட நீளமாக இருந்தது, வழவழப்பும் வேறு மாதிரி. வீட்டில் கேட்டாள்.

"என்ன முயல் தம்பி இது? புதுசா இருக்கே."

"வேற ஜாதி அண்ணி. பண்ணைக்காரன் புதுசா இறக்கியிருக்கான்."

சரி என்று விட்டுவிட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரரின் மாப்பிள்ளை காணாமல் போனது. தையல்காரர் தனி ஆள். பெண்ணும் இல்லை, பெண்ணுக்குப் புருஷனும் இல்லை. மாப்பிள்ளை என்பது அவர் பூனை. வேலை வெட்டி கிடையாது, மூன்று வேளையும் மீன் கேட்கும், கொஞ்சம் தாமதமானால் முறுக்கிக்கொண்டு தையல் மெஷின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். அதன் கழுத்துக்கு அவரே சிவப்பு லைனிங் துணியை மடித்து ஒரு பட்டை தைத்துப் போட்டிருந்தார். மழையில் நனைந்து சாயம் விட்டதில், சாம்பல் கழுத்தைச் சுற்றி ஒரு ரோஸ் வளையம் விழுந்துவிட்டது. "பாருங்க தங்கச்சி, மாப்பிள்ளைக்கு நான் செயின் போட்டு அனுப்பியிருக்கேன்" என்று பூனையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

காணாமல் போன மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தட்டு, தட்டில் வேகவைத்த மீன் துண்டு.

"தங்கச்சி, நம்ம மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்துச்சா?"

அவள் பதில் சொல்வதற்குள் சின்னவன் உள்ளேயிருந்து வந்தான். "கவலைப்படாதீங்கண்ணே, எங்க போயிடப் போகுது. போட்டோ இருக்கா? நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இருவரும் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பசை வாளியைச் சின்னவன்தான் தூக்கிக்கொண்டு நடந்தான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அதைப் பார்த்த அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பதினாறாம் நம்பர் ஈக்கு ரோமம் போதவில்லை. சின்னவனுக்கு உட்கார்ந்து வழிக்க நேரம் இல்லை போலிருக்கிறது. அடுத்த மூட்டையில் தோல்களை முழுசாகவே அனுப்பிவிட்டான். அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தோல் பிரிக்கிற பெண் அன்று லீவு. முதலாளியம்மா பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டு, "நீயே கொஞ்சம் பிரிச்சுடும்மா" என்றார்.

தலையும் காலும் நறுக்கிய தோல்கள், உப்பில் விறைத்து, அட்டை போல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முயல் தோல் காகிதம் மாதிரி, இழுத்தால் கிழியும். இவை கிழியவில்லை. நான்காவது தோலைப் பிரித்தபோது கழுத்துப் பக்கத்தில் ஒரு ரோஸ் கறை தெரிந்தது. இறகுக்குச் சாயம் போடும் பானையிலிருந்து ஏதாவது தெறித்திருக்கும் என்று நினைத்தாள். எதற்கும் லென்ஸின் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

தெறித்த கறை அல்ல. விரல் அகலத்தில், ஒரே சீராக, கழுத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. அந்த அகலத்துக்கு ரோமம் நசுங்கி, முனை உடைந்திருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் லென்ஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் அறையைப் பார்க்க வேண்டும். கடைசியில் எடுத்தபோது அறை முழுக்க அந்தச் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. பெண்களின் சட்டைக் கையில், மேசை விளிம்பில், ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியில், வரிசையாக வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களின் மூடியில். அடுத்த மேசைக்காரி ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, இடுக்கியில் இருந்த ஈயின் ரோமத்தை நீவிக்கொண்டிருந்தாள். எச்சில் தொட்டு நீவினால்தான் ரோமம் படியும். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சரிபார்க்கும்போது கலைந்திருந்த ரோமத்தை, மூன்று வாரமாக அவளும் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படித்தான் நீவியிருந்தாள்.

கழிவறைக்குப் போவதற்குள் வாந்தி வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்தாள். நாக்கைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். மறுபடி வந்தது.

தோலை எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். அவர் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, அதை வைத்துத் தோலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"பூனையா? உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பூனையை எனக்குத் தெரியும் மேடம். எங்க எதிர்வீடு."

அவர் டிஷ்யூவைக் குப்பைத்தொட்டியில் போட்டார். கையில் கிருமிநாசினி ஊற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "பில்லுல முயல்னு இருக்கு. மூட்டையிலயும் முயல்னு இருக்கு. வியாழக்கிழமை பெட்டி போகணும். இந்த ஒண்ணை மட்டும் ஓரமா வச்சுடு. மத்தவங்க காதுல போடாதே" என்றார். கொஞ்சம் யோசித்து, "கொண்டுவந்ததே உன் கொழுந்தன்தானே" என்றார்.

 அவள் தோலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ்ஸில் பையை மடியில் வைக்க மனம் வரவில்லை. காலடியில் வைக்கவும் மனம் வரவில்லை. கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடியே ஆறு நிறுத்தம் நின்றுகொண்டு வந்தாள். வரும் வழியில் கணவனுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னாள்.

சின்னவன் தன் அறையில் கட்டிலில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, சீக்கிரம் வந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

பையைக் கவிழ்த்தாள். தோல் கட்டில் மேல் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ப்ச். இதை நான் கவனிச்சிருக்கணும்" என்றான்.

"மாப்பிள்ளைதானே இது?"

"ஆமா."

"நீதானே தம்பி அவர்கூடப் போய் நோட்டீஸ் ஒட்டினே?"

"போகலைன்னா சந்தேகம் வரும்ல? மத்ததெல்லாம் தெருப் பூனை அண்ணி. கேட்பாரில்லாம சுத்துறது. இது ஒண்ணுதான் தப்பா வந்து மாட்டிக்கிச்சு. மாட்டினப்புறம் பார்த்தா, என்ன ரோமம். விட மனசு வரலை."

"முயல் பண்ணை?"

"அவன் மூடி மாசக்கணக்காச்சு. நீங்க ஏன் இவ்வளவு பதறுறீங்க? பதினோரு வருஷமா கோழிக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க. அந்தச் சேவலை யாரும் வளர்க்கலையா?"

அவள் தோலை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள். 

"எங்க வச்சு செஞ்சே?"

அவன் சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னான். மீன் தலையைக் கூடைக்குள் வைத்துப் பிடிப்பது. கூடையோடு தண்ணீரில் அமுக்குவது. ரத்தம் வந்தால் ரோமம் கெட்டுவிடும், அதனால் தண்ணீர்தான் சுத்தம்.

"எந்தத் தண்ணி?"

"அந்த நீலத் தொட்டிதான்."

அந்த நீலத் தொட்டியில்தான் அவள் சனிக்கிழமைதோறும் தலையணை உறைகளை ஊறப்போட்டாள். அவள் முகம் அந்த உறையில்தான் தினமும் கிடந்தது. இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. சில மாதமாகச் சமையலறையில் உப்பு நிற்கவே இல்லை. "நீங்க உப்பை அள்ளித் திங்கிறீங்களா?" என்று கணவனைக் கூடக் கேட்டிருந்தாள்.

"உப்பு?" என்றாள்.

சின்னவன் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "அவசரத்துக்கு ரெண்டு கை எடுப்பேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். உப்பு ஜாடியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஜாடியையும் அங்கேயே போட்டாள். அடுப்பில் காலையில் செய்த குழம்பு இருந்தது, அதையும் கொட்டினாள். பிறகு எதைத் தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி சமையலறை நடுவில் நின்றாள். அப்படி நிற்கும்போதுதான் கணவன் கிரீஸ் படிந்த சட்டையோடு உள்ளே வந்தான்.

அவள் சொன்னாள். அவன் முதலில் ஜன்னலைச் சாத்தினான்.

"மெதுவாப் பேசு, எதிர்வீட்டுக்குக் கேட்கும்."

"நான் மெதுவாத்தாங்க பேசுறேன்."

"அவன் பண்ணது தப்புதான். அதுக்காக ஊரைக் கூட்டவா முடியும்? அதைக் குப்பையில போடு. இனிமே செய்யமாட்டான்."

"செய்யமாட்டேண்ணே" என்றான் சின்னவன், கதவருகே நின்று.

அவள் கணவனைப் பார்த்தாள். "கொட்டகைக்குப் போய்ப் பாருங்க. பார்த்துட்டு வந்து இதையே சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

அவன் போனான். வர நேரம் ஆனது. வரும்போது கையில் ஏதோ தொங்கியது. கொட்டகை ஆணியில் மாட்டியிருந்ததாம். பூனைக் கழுத்துப் பட்டைகள், ஏழு. ஒன்றில் சின்ன மணி. ஒன்று குழந்தைகளின் தலை ரிப்பனை முறுக்கிக் கட்டியது. ஒன்று சாயம் போன சிவப்பு லைனிங் துணி. இன்னொன்றில் ஒரு தகடு. தகட்டில் ஒரு போன் நம்பர்.

"தெருப் பூனைக்கு எவன்டா போன் நம்பர் மாட்டி விடுவான்?"

"பக்கிள் நல்லா இருந்துச்சுண்ணே. தூக்கிப் போட மனசு வரலை."

கணவன் பட்டைகளை மேசைமேல் வைத்தான். மணி ஒரு தடவை கிணுங்கியது. குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே இருந்தான். கிரீஸ் போகும் வரை, கிரீஸ் போன பிறகும். முதுகைத் திருப்பாமலே சொன்னான்: "சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடு. நான் திரும்பிப் பார்க்கறப்ப நீ இங்க இருக்கக்கூடாது."

"எங்கண்ணே போவேன்?"

 தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தோலை ஒரு சுத்தமான துணியில் சுற்றினாள். அந்தச் சிவப்புப் பட்டையையும் உள்ளே வைத்தாள். கணவன் தடுக்கவில்லை. தெருவைக் கடந்து தையல்காரரின் கடைக்குள் போனாள். அவர் மெஷினில் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தார். சுவரில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் அந்த நோட்டீஸ்.

"வாங்க தங்கச்சி. உங்க சட்டைத் துணி நாளைக்குத்தான் வெட்டணும்."

"அதுக்கு வரலைண்ணே." உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யார், எங்கே, எதற்கு என்று. தண்ணீர்த் தொட்டியை மட்டும் விட்டுவிட்டாள். அவரே கேட்டார்.

"எப்படிச் செத்துச்சு?"

அதையும் சொன்னாள்.

அவர் துணியைப் பிரித்தார். தோலைத் தொடவில்லை. பட்டையை எடுத்து, தான் தைத்த தையலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"என்கூடத்தானே அவன் அலைஞ்சான். டீ கூட வாங்கிக் கொடுத்தேன்" என்றார். பிறகு, "இதோட ரோமத்தை நீங்களும் தொட்டீங்களா?" என்று கேட்டார்.

"இந்தத் தோல் இன்னைக்குத்தான் வந்துச்சு. ஆனா இதே மாதிரி மத்ததை மூணு வாரமா தொட்டேன். முயல்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா?"

 "நினைச்சுக்கிட்டேன்" என்றாள்.

அவர் துணியைப் பழையபடி மடித்தார். "நீங்க போங்க" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சொல்லவில்லை. மறுவாரம் அவள் சட்டைத் துணி, கத்தரி படாமல், கொடுத்த மடிப்பிலேயே அவள் வீட்டு வாசலில் இருந்தது.

புதன்கிழமை அவள் பட்டறைக்குப் போனாள். பதினாறாம் நம்பர் பெட்டிகள் அவள் மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. லென்ஸ் விளக்கைப் போடாமலே எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இது முயல் இல்லை. பூனை. வீட்ல வளர்த்த பூனைங்க. பிடிச்சுக் கொண்டுவந்தது எங்க கொழுந்தன். அவனை இங்க சேர்த்துவிட்டது நான்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மேசைக்காரி வாயிலிருந்த விரலை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து குழாயடிக்கு ஓடினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் இடுக்கியைத் திறந்து முள்ளைக் கழற்றிக் கீழே போட்டார்கள்.

முதலாளியம்மா சத்தம் கேட்டு வந்தார். "முத்திரையைக் குத்திட்டு நீ வீட்டுக்குப் போ" என்றார்.

"குத்தமாட்டேன் மேடம்."

"நீ குத்தலைன்னா நானே குத்துறேன்."

"குத்துங்க. இதுல என்ன இருக்குன்னு வியாபாரிக்கு நேத்தே எழுதிட்டேன்."

உண்மையில் அவள் இன்னும் எழுதவில்லை. அன்று மத்தியானம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகட்டில் இருந்த நம்பருக்கு அவள் கணவன் போன் செய்தான். எடுத்தது ஒரு பெண். அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் புருஷனும் தையல்காரரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். சின்னவனைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள், இனிமேல் செய்யக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவன் இப்போது வேறு ஊரில் ஒரு மீன் கடையில் இருக்கிறான். அங்கேயும் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கிறதாம். வியாழக்கிழமைப் பெட்டிகள் வாசல் தாண்டவில்லை. முதல் தடவை போன சாம்பல் ஈக்கள் மட்டும் திரும்பி வரவில்லை. எங்கேயோ யாரோ அவற்றை எடுத்து முனையை எச்சிலால் நீவித் தண்ணீரில் வீசிக்கொண்டிருப்பார்கள். பட்டறையில் இப்போது நைலான் இழையில்தான் ஈ கட்டுகிறார்கள். முதலாளியம்மா ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. மின்சார ஸ்விட்சுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் வாசனை மட்டும்தான். அது செத்ததும் இல்லை, உயிரோடு இருந்ததும் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி.

அருவருப்பு மட்டும் இந்தத் தடவை பழகிப்போகவில்லை. தொட்டியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது, தலையணைகளை மாற்றியாகிவிட்டது, கொட்டகையைக் கணவனே பிரித்துத் தகரத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டான். ஆனாலும் சாப்பிடும்போது நாக்கில் ஏதோ ஒரு இழை நெருடுவது போல இருக்கும். வாயில் விரலை விட்டுத் தேடுவாள். ஒன்றும் இருக்காது. கணவன் பார்க்காதது போலத் தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்துவான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவன் கையில் ஒரு பையோடு வந்தான். சமையலறை மேசைமேல் வைத்தான். நல்ல சிவப்பு ஆப்பிள்கள்.

"எங்க வாங்கினீங்க?"

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "வாங்கலை. அந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் ரிப்பேர். வழியில பார்த்தேன். உனக்குக் கொடுக்கச் சொல்லிக் கையில திணிச்சான். அண்ணி எப்படி இருக்காங்கன்னு கேட்டான்."

அவள் பையின் காதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். வாசலுக்குப் போய்ப் பெரிய குப்பைத்தொட்டிக்குள் போட்டாள். பை விழுந்த சத்தம் உள்ளே கேட்டது. திரும்பி வந்து மேசையைத் துடைத்தாள், துடைத்த துணியையும் கொண்டுபோய்ப் போட்டாள்.

"ஆப்பிள் என்ன பண்ணுச்சு?" என்றான் கணவன், களைத்த குரலில்.

"ஒண்ணும் பண்ணலை" என்றாள். "நீங்களும் கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு வைக்கிறேன்."